வாத்து முட்டை கொண்டு வராத நாள்

எங்கள் தொழிலில் யாருக்கும் பெயர் கிடையாது. தெற்கே பத்து பகாட்டில் இருபத்திரண்டு வருடமாக நூடுல்ஸ் போடுகிற மீ கடை வைத்திருக்கிறேன். ஒரு பல் டாக்டர் வாரத்தில் நான்கு நாள் வருவார். அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. 'குழம்பு கம்மி, மீ தனியா, பச்சை மிளகாய் நாலு' என்றால் அவர்தான். அவர் காரை நிறுத்தி இறங்குவதற்குள் என் கை பச்சை மிளகாயை எண்ணி வைத்துவிடும். ஆளின் முகம் மறந்து போகலாம், தட்டு மறக்காது. தட்டே மறந்து போனால் கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், பினாங்கில் ஒரு கடைக்கார அம்மாள் தனக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று சொன்னபோது, அது பொய் என்பது அங்கே இருந்த ஐம்பது அறுபது பேரில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் பெயர் கெங் சூன். மீன்பிடிப் படகு எஞ்சின்களுக்கு உதிரிபாகம் விற்கிற கம்பெனியில் வேலை. வடக்கு மாநிலங்கள் முழுக்க அவர் பொறுப்பு. மாதத்தில் பத்து நாள் பினாங்கு, கெடா என்று போய்விடுவார். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். என்னையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்காமல் இல்லை. "அங்க என்ன இருக்கு? படகுத்துறை பூரா எண்ணெய் நாத்தமும் மீன் நாத்தமும்" என்பார். நானும் விட்டுவிடுவேன். ஒரு நாள் கடையைப் பூட்டினால் என் ஆட்கள் பக்கத்துக் கடையில் போய் உட்கார்ந்துவிடுவார்களே என்கிற பயம் எனக்கு. ஆக, அவரை மட்டும் குறை சொல்லவில்லை. நம்புவது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

ஏழு வருடத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அது பேய் மாதம், எங்கள் சீன நாட்காட்டியில் ஏழாவது. பேய்களுக்குப் படையல் போடுகிற மாதத்தில் உடம்பில் கத்தி படக்கூடாது என்று என் அக்கா ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாள். தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார், ஒரு ராத்திரி கூட இருந்தார். மறுநாள் காலையில் போன் வந்தது. "படகு ஒண்ணு நடுக்கடல்ல நின்னு போச்சாம், நான் போயாகணும்" என்று கிளம்பிவிட்டார். பதினொரு நாள் கழித்துப் பயறு பிஸ்கட் இரண்டு டப்பாவோடு வந்தார். படுக்கையில் இருந்தபடியே நான்கு பிஸ்கட் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தது என் மகள் ஹுய் வென். கோலாலம்பூரில் வேலை கிடைத்து ஒரு வருடமாகிறது. அறை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் தன் செலவு என்று அறிவித்துவிட்டாள். "அப்பா, இத்தனை வருசமா போறீங்களே, உங்க பினாங்கை எங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்க" என்றாள். அவர் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, வேறு வழியில்லாமல் சரி என்றார்.

வந்த இரண்டு நாளும் நாங்கள் சாப்பிட்டதற்கு அளவே இல்லை. மீன் குழம்பில் மீ போட்ட புளி லக்சாவை முதல் வாய் வைத்ததும் எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. மீனை இவ்வளவு பொறுமையாக முள் எடுத்து உதிர்க்க எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. சிப்பி முட்டைப் பொரியல், போப்பியா, இறால் மீ, சிவப்பவரை போட்ட ஐஸ் என்று வரிசையாகத் தின்றோம். என் மகன் ஜுன் கியாட்டுக்குப் பத்தொன்பது வயது. இரும்பைக்கூடத் தின்று செரிக்கிற வயது.

"அம்மா, காலையிலேருந்து இது அஞ்சாவது. என் பேன்ட் பட்டன் ராஜினாமா கடிதம் குடுத்திருச்சு" என்றான்.

"பட்டனுக்காவது சொரணை இருக்கு, உனக்கு இல்லையே" என்றாள் அக்காக்காரி. அவன் அவளுடைய போப்பியாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நான் சிரித்தேன். நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இப்படிச் சிரித்து எத்தனை வருடமாயிற்று என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கே போனாலும் எங்களுக்கு ஆர்டர் சொன்னது அவர்தான். எப்போதும் அதே பாட்டு: "நாலு. எல்லாம் ஒரே மாதிரி." எனக்கு முளைப்பயறு பிடிக்காது. அந்தப் பச்சை வாசனை தொண்டையில் நிற்கும். இருபத்தாறு வருடமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறேன். "வீணாக்காதே" என்று அவர் அதை வழித்து எடுத்துத் தின்றுவிடுவார். அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஊர்க்காரர்கள் முன்னூறு பேருடைய தட்டு எனக்கு மனப்பாடம். எனக்கென்று ஒரு தட்டு இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் ஹுய் வென் போனை நீட்டினாள். "ஜெலுத்தோங் பக்கம் ஒரு கோப்பிக் கடை. அதுல ஒரு அம்மா கோய் தியாவ் போடறாங்க. ஒரு தடவை சாப்பிட்டவங்க அடுத்த தடவை எதுவுமே சொல்ல வேணாமாம். அஞ்சு வருசம் கழிச்சு வந்தவருக்குக்கூட கரெக்டா போட்டுக் குடுத்தாங்க, வீடியோல இருக்கு பாருங்க."

"வெள்ளிக்கிழமை கடை கெடையாது" என்றார் அவர், வீடியோவைப் பார்க்காமலே.

"இருக்குப்பா. கேட்டுட்டேன்."

"ரெண்டு மணி நேரம் வரிசை நிக்கணும் லா."

"நிப்போம்."

"வெறும் பேருதான். வாயில வைக்க முடியாது."

"நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?" என்று நான் கேட்டேன்.

"இல்ல. கேள்விப்பட்டேன்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டியிலேயே இருக்கிறேன் என்று பார்த்தார். மகள் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். முதல்நாள் கடற்கரையில் மகனுக்கு வாங்கிய தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார். "வெயில்" என்றார். கடைக்குள் ஏது வெயில்? தூணுக்குப் பின்னால் இருந்த மேசையாகப் பார்த்து, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வழக்கம்போல் இடது காலை மடித்து ஸ்டூலின் மேல் வைத்துக்கொண்டார். முதுகைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடக்கூடிய ஆள் அவர். அது மட்டும் அவருக்குத் தெரியாது.

ஆர்டர் சொல்ல நான் போனேன். அடுத்தவள் சட்டி பிடிப்பதைப் பார்க்கிற ஆசைதான். கடைக்கார அம்மாளுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கரி அடுப்பு. ஒரு தட்டுக்கு ஒரு சட்டி. இரண்டு தட்டைச் சேர்த்துப் போட்டால் மீயில் சூடு ஏறாது என்று தெரிந்த கை. கோய் தியாவுக்கு வேண்டிய பட்டை அரிசி மீ, சோயா, இறால், சிப்பி, கடைசியில் பூண்டுத்தாள். வாழையிலைத் துண்டின் மேல் விழுந்ததும் அந்த வாசனைக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள். தட்டுகளை மேசைக்குக் கொண்டுபோனவள் அவருடைய மருமகள். நடையிலேயே எரிச்சல் தெரிந்தது.

எனக்கு முன்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் சொன்னார்: "சீனப் புத்தாண்டுக்கு அப்புறம் ஆளையே காணோம். பூண்டுத்தாள் கூடாது, தட்டு நெறைய முளைப்பயறு. இப்பவும் அதானே?" அவர் சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். எனக்கு மனசுக்குள் கைதட்டத் தோன்றியது.

என் முறை வந்தது. "எப்படி?" என்றார்.

"நாலு. எல்லாம் ஒரே மாதிரி" என்றேன். அவருடைய பாட்டு என் வாயிலிருந்து தானாக வந்தது.

அம்மாள் கரண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஒரே மாதிரி நாலு பேரா? எழுபத்தி மூணு வயசாச்சு, நான் பாத்ததில்லை. பேச்சு தெக்கத்திப் பேச்சா இருக்கே, எந்த ஊரு?"

"பத்து பகாட்."

என் மணிக்கட்டில் இருந்த பழைய சூட்டுத் தழும்பைப் பார்த்தார். "அடி, நீயும் நம்மாளுதான். என்ன கடை?"

"மீ கடை, அக்கா."

"கடை வச்சிருக்கிறவ இப்படிச் சொல்லலாமா? உனக்கு எப்படி வேணும்? அதைச் சொல்லு."

என்ன சொல்வது? "சும்மா போடுங்க, எப்படி இருந்தாலும் சரிதான்" என்றேன்.

"நல்லா இருக்கு கதை. எந்த மேசை?"

கையை நீட்டிக் காட்டினேன். அம்மாள் தூணைத் தாண்டி எட்டிப் பார்த்தார். அங்கிருந்து அவருடைய முதுகும் மடித்த காலும் மட்டும்தான் தெரிந்திருக்கும். முகம் மலர்ந்துவிட்டது. "அட, இவரா! ஆமா, இவரும் தெக்கத்தி ஆளுதானே. நீ அவரோட அக்காவா?"

நான் அவரைவிட நான்கு வயது இளையவள். இருபத்திரண்டு வருடம் அடுப்பு முன்னால் நின்றால் யாருமே அக்காவாகத்தான் தெரிவார்கள். பதில் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அம்மாளே, "அப்போ மூணு தட்டு எனக்குத் தெரியும். நாலாவது உன்னோடது. யோசிச்சு வை, கடைசியாப் போடறேன்" என்று அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

மேசைக்குப் பத்து அடிதான். அதற்குள் எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். விற்பனைக்காரர், ஊர் ஊராகச் சுற்றுகிறவர், வியாபாரிகளோடு வந்து சாப்பிட்டிருப்பார். ஆனால் சாப்பிட்டதே இல்லை என்றாரே? அதுவும் போகட்டும், மறந்திருக்கும். மூன்று தட்டு என்றாரே, எந்த மூன்று? ஸ்டூலை அவர் முகம் தெரிகிற பக்கமாக நகர்த்தி உட்கார்ந்தேன்.

"என்ன இவ்ளோ நேரம்?" என்றார்.

"அந்தம்மாக்கு உங்களைத் தெரியுமாம்."

"என்னையா?" கோப்பியை எடுத்தவர் குடிக்காமல் கீழே வைத்தார். "ஆயிரம் பேரு வந்து போற கடை லா. யாரையாவது நெனச்சிருக்கும்."

ஹுய் வென் போனில் எதையோ படமெடுத்துக்கொண்டிருந்தாள். ஜுன் கியாட் குச்சிகளால் மேசையில் தாளம் போட்டான். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பை விட்டு நகராத அந்த அம்மாள் மூன்று தட்டுகளையும் தானே எடுத்துக்கொண்டு வந்தார். பழைய ஆளுக்குக் காட்டுகிற மரியாதை அது. நானும் சிலருக்குச் செய்வேன்.

முதல் தட்டை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தார். அரைவேக்காட்டில் சிப்பி மலையாகக் குவிந்திருந்தது, மிளகாய் சிவப்பில் மீயே தெரியவில்லை. இரண்டாவது தட்டை ஹுய் வென் பக்கம் வைத்தார். அதில் ஒரு சிப்பிகூட இல்லை. மிளகாய்க்குப் பதில் மிளகுத்தூள். முளைப்பயறைப் பச்சை வாசனை போக வதக்கியிருந்தார். மேலே முட்டையைத் தனியாகச் சுட்டுப் போர்வை மாதிரி மூடியிருந்தார். மூன்றாவது சின்னத் தட்டு. மீயைக் கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டியிருந்தது, உறைப்பே இல்லை, இறாலுக்கு வாலைக்கூட எடுத்திருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அம்மாள் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு முட்டை கொண்டு வரலையா?" என்றார் இவரிடம். "உங்க வீட்டு வாத்து முட்டை இல்லாட்டி அந்தப் பொண்ணு தொடவே தொடாதே. என் கடை முட்டையைத்தான் போட்டிருக்கேன், கோவிச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. எங்க ரெண்டு பேரும்? சின்னவன் எங்க? முன்பல்லு முளைச்சாச்சா, இல்ல இன்னும் வெட்டித்தான் போடணுமா?"

வாடிக்கைக்காரர்கள் தங்கள் வீட்டு முட்டையைக் கொண்டு வந்து கொடுப்பது எங்களிடத்தில் பழைய வழக்கம். வாத்து முட்டைதான் வேண்டும் என்கிற நாக்குக்காரர்கள் என் கடைக்கும் கொண்டு வருவார்கள். வீட்டிலிருந்துதான் கொண்டு வருவார்கள். ஹோட்டலில் தங்குகிற விற்பனைக்காரன் வாத்து முட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுற்ற மாட்டான்.

இவருடைய முகம் வெளிறிவிட்டது. "யாரும்மா நீங்க? ஆள் மாறிப்போச்சு" என்றார்.

அம்மாள் இவரைப் பார்த்தார். ஹுய் வென்னைப் பார்த்தார், ஜுன் கியாட்டைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் இவருடைய மூக்கு. கடைசியாக என்னைப் பார்த்தார். என் கண்ணில் என்ன இருந்ததோ, ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அக்காவா என்று என்னைக் கேட்டவர், கையில் இருந்த சின்னத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆமா" என்றார் மெல்ல. "ஆள் மாறிப்போச்சு. வயசாச்சு, ஞாபகம் தப்பிப்போச்சு. வேற யாரோன்னு நெனச்சுட்டேன். குடுங்க, வேற போட்டுக் கொண்டாறேன்."

எனக்காகச் சொன்ன பொய். அதை நான் பிடித்துக்கொண்டிருக்கலாம். வேறு தட்டு வரும், சாப்பிடுவோம், சாயங்காலம் ஊருக்குத் திரும்புவோம், திங்கட்கிழமை கடையைத் திறப்பேன். மாதத்தில் பத்து நாள் அவர் வடக்கே போவார். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிறேன்: அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நானும் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அவருக்கோ அது போதவில்லை. மகள் நிமிர்ந்து தன்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். "என்னமோ பெருசா ஞாபகசக்தின்னு வீடியோ எல்லாம் போடறாங்க. யாரு யாருக்கோ புள்ள குட்டின்னு கதை கட்டறதா? வயசாயிட்டா வீட்ல படுக்கணும் லா. மூளை கலங்கினதுக்கப்புறம் எதுக்குக் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு?"

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்தாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருமகள் ஓடி வந்து, இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி, "அத்தை, எத்தனை தடவை சொன்னேன்? உங்களால முடியலன்னு சொன்னா கேக்கறீங்களா? இன்னிக்குச் சந்தி சிரிக்குது பாருங்க. நாளையிலேருந்து நான் அடுப்புல நிக்கறேன், நீங்க வீட்ல இருங்க" என்றாள்.

அம்மாள் சின்னத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடுப்புக்குத் திரும்பிப் போனார். தலை குனிந்திருந்தது. ஐம்பது வருடத்துப் பேரை, முகம் தெரியாத ஒருத்திக்காகப் பத்து வார்த்தையில் கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் அவரையே மிதித்தார்.

"சாப்பிடுங்க, ஆறிடும்" என்றார் எங்களிடம். சிப்பித் தட்டைத் தன் பக்கம் இழுத்து இரண்டு வாய் சாப்பிட்டும்விட்டார். எப்படி இறங்கியது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஹுய் வென் முன்னால் இருந்த தட்டையே பார்த்தேன். சிப்பி கூடாது, மிளகாய் கூடாது, முளைப்பயறு வதங்க வேண்டும், முட்டை தனியாக வேண்டும். முதல் தடவை இதையெல்லாம் இவர்தானே நின்று சொல்லியிருப்பார்? வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக, எதையும் விட்டுவிடாமல். அந்தத் தட்டுக்காரிக்கு முளைப்பயறின் பச்சை வாசனை ஆகாது என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் ஆகாது. எனக்கு 'எல்லாம் ஒரே மாதிரி'. இன்னொருத்தி இருக்கிறாள் என்பதைவிட இதுதான் என்னை அறுத்தது.

எழுந்தேன். "எங்க போறே?" என்றார். பதில் சொல்லாமல் அடுப்புப் பக்கம் போனேன்.

அம்மாள் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். சின்னத் தட்டு பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. நான் கடைத்தெருவில் கூவிப் பழகியவள். என் குரல் சாதாரணமாகவே நான்கு மேசைக்குக் கேட்கும். அன்றைக்குக் கடை முழுக்கக் கேட்கும்படி பேசினேன்.

"அக்கா, உங்களுக்கு எதுவும் மறக்கல. மூணு தட்டும் சரியாத்தான் இருக்கு. சிப்பித் தட்டு என் வீட்டுக்காரருக்கு. முட்டையால மூடின தட்டு அவரு இங்க வச்சிருக்கிற பொம்பளைக்கு. சின்னத் தட்டு அவரோட புள்ளைக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. யாருக்காவது மூளை கலங்கியிருந்தா அது எனக்குத்தான், இருபத்தாறு வருசமா."

போனைத் தூக்கியிருந்த பெண் கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருப்பேன், அதற்கு மேல் நிற்க முடிந்திருக்காது.

"ஏன் தங்கச்சி?" என்றார் அம்மாள் தழுதழுத்து. "நான்தான் மாத்திச் சொல்லிட்டேனே. அப்படியே விட்டிருக்கலாமே."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அக்கா. அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?"

"வேணாம்மா."

"சொல்லுங்க. இனிமே நான் பொய்யைக் கேக்கற மாதிரி இல்ல."

அம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மாசம் நெறைஞ்சதுக்கு எனக்குச் சிவப்பு முட்டை கொண்டாந்து குடுத்தாரு. எதுத்த கடையில நிலாப் பணியாரம் வித்துக்கிட்டிருந்த சமயம். ஏழு வருசம் ஆச்சு."

பிள்ளை பிறந்து ஒரு மாதம் நிறைந்தால் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி வேண்டியவர்களுக்கெல்லாம் கொடுப்போம். நிலாப் பணியாரம் எட்டாம் மாதத்தில் விற்பது. ஒரு மாதம் பின்னால் போனால் பேய் மாதம். என் வயிற்றில் தையல் போட்டிருந்த பதினொரு நாளில் நடுக்கடலில் எந்தப் படகும் நிற்கவில்லை. எனக்கு எடுத்தெறிந்த அதே வாரம், இங்கே அவருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தோடுதான் பயறு பிஸ்கட் இரண்டு டப்பா வாங்கியிருக்கிறார். நன்றாக இருக்கிறது என்று சொன்னேனே. அந்த நான்கு பிஸ்கட்டும் இப்போது தொண்டைக்கு வந்தன.

எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்து மேசையில் கைலி கட்டிய ஒருவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தன் தட்டை நகர்த்தி இடம் விட்டார். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஹுய் வென் வந்து என் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நான்தானேம்மா கூட்டிட்டு வந்தேன்" என்றாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. அந்த மேசையில் ஜுன் கியாட் இன்னும் உட்கார்ந்திருந்தான். தொப்பியைத் தன்னிடம் திருப்பிக் கேட்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. "குடுங்க. அது என்னோடது" என்றான்.

அம்மாள் கரண்டியைச் சட்டியில் ஒரு தட்டுத் தட்டினார். மருமகள் அதை வாங்கக் கையை நீட்டினாள். அம்மாள் கொடுக்கவில்லை.

"தங்கச்சி, உனக்கு எப்படி வேணும்?" என்றார்.

யோசித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இதை யோசிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "முளைப்பயறு வேணாம்" என்றேன். "ஒண்ணுகூட வேணாம். சிப்பி இருக்கட்டும், நல்லா வெந்து. மிளகாய் நெறைய. பூண்டுத்தாள் கடைசியில, வதங்காம."

"முட்டை?"

"வேணாம்."

அம்மாள் எண்ணெயை ஊற்றினார். என் பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் வாசல் வரை போய், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார். எல்லோரும் பார்க்கிறார்களே என்கிற பல்லைக் கடித்த குரல். "பீ கியோக், எதா இருந்தாலும் வண்டியில பேசிக்கலாம். வா, போலாம்."

"நீங்க போங்க" என்றேன். "உங்க வீடு இங்க பக்கத்துலதானே இருக்கு. என் தட்டு இன்னும் வரல."